சொந்த வீட்டில் விருந்தாளி

என் மாமனார் பதினைந்து வருஷம் எங்கள் சந்தில் அரசாங்கம் நியமித்த பத்து வீட்டுத் தலைவராக இருந்தவர். ரங்கூனில் அப்போது ஒரு சட்டம் இருந்தது. வீட்டின் குடும்பப் பட்டியலில் பெயர் இல்லாத யார் இரவு தங்கினாலும், பொழுது சாய்வதற்குள் வார்டு ஆபீசில் சொல்லி விருந்தாளிச் சீட்டு வாங்கியாக வேண்டும். ஊருக்கு அது சட்டம், மாமனாருக்கு அது வேதம். கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்க வந்த என் அம்மாவை, சோற்றில் கை வைத்தவளை, சீட்டு இல்லை என்று எழுப்பி ஆபீசுக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்ததும் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "சரியா இருக்கு. தங்கலாம்" என்றார். சம்பந்தியிடம்! அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணியது, புத்தி மட்டும் பழைய கூர்மையோடு நின்றது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம். கட்டில் இலவசம் என்று அதற்குப் பொருள். பஞ்சு, ஊசி, கையுறை, மருந்து எல்லாவற்றையும் நாமே வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். டாக்டரை மட்டும்தான் வாங்கி வரச் சொல்லவில்லை. ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில் போனால் ஜன்னல் ஆடும் இரண்டாம் மாடி எங்கள் வீடு. ஆறடி மனிதரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, பீத்துணி அலசி என் இடுப்பு விட்டுப்போயிற்று. அவருடைய பிள்ளைகள் இருவர். இருவரும் அப்பாவின்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். கையைத்தான் வைக்கவில்லை.

தாமுவேயில் டயர் கடை வைத்திருந்த என் கணவரின் அண்ணன்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். ஊருக்கு வெளியே, படுத்த படுக்கையான முதியவர்களை அரசாங்கச் செலவில் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் வார்டு ஒன்று இருக்கிறதாம். ஒரே நிபந்தனை: பார்த்துக்கொள்ள ஆளில்லாதவராக இருக்க வேண்டும்.

இரண்டு மகன், இரண்டு மருமகள், ஐந்து பேரப்பிள்ளைகள் உள்ள மனிதரை அனாதையாக்குவது எப்படி? அண்ணனுக்கு அது ஆபீசில் இரண்டு பாக்கெட் காப்பிமிக்ஸ் கையில் வைத்தால் முடிகிற வேலை. "அப்பா பேர நம்ம லிஸ்ட்லருந்து எடுத்துட்டு, ஆத்துக்கு அக்கரையில த்வாண்டேல நமக்குத் தெரிஞ்ச சட்டிப்பானைக்காரன் குடிசை இருக்குல்ல, அங்க தனி லிஸ்டாப் போட்டுருவோம்" என்றார். வேண்டாம் என்று நான் தடுத்தேன் என எழுத ஆசைதான். தடுக்கவில்லை. அந்த முதியோர் வார்டுக் கட்டில் எனக்கு வேண்டியிருந்தது.

வேலை முடிந்தது. அண்ணன் புதுப் பட்டியலைப் பெருமையாக விரித்துக் காட்டினார். மாமனார் அதைப் படித்தார். பிறகு கோணல் வாயால் கேட்டார்: "சீட்டு?"

எங்களுக்குப் புரியவில்லை.

"நான்... இந்த வீட்டு லிஸ்ட்ல... இல்ல. ராத்திரி தங்க... சீட்டு?"

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் ஆபீசுக்கு நடந்தேன், என் மாமனார் அவர் வாடகை கட்டிப் பிடித்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ள அனுமதி கேட்டு. உறவு என்ற இடத்தில் 'மாமனார்' என்று எழுதினால் அனாதை வேஷம் கலைந்துவிடும். 'தெரிந்தவர்' என்று எழுதச் சொன்னார் அண்ணன். எழுதினேன். அங்கிருந்த குமாஸ்தாவுக்குச் சீட்டு எழுதக் கற்றுக்கொடுத்ததே மாமனார்தான். குமாஸ்தா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் முத்திரை குத்திவிட்டு, "விருந்தாளி சௌக்கியமா?" என்று பர்மியில் கேட்பார். எதிர் வீட்டுக்காரி அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. "விருந்தும் மருந்தும் மூணு நாளும்பாங்க. ஒங்க வீட்டுல ரெண்டும் ஒரே ஆளுல்ல!" என்றாள்.

மாமனார் ஒவ்வொரு சீட்டையும் இடது கையால் வாங்கிப் படித்து, ஒன்றும் சொல்லாமல் தலையணைக்கடியில் தேதிவாரியாக வைத்துக்கொண்டார்.

ஐந்து மாதம் கழித்து, முதியோர் வார்டுக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தை விசாரிக்க த்வாண்டேக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மாமனாரை நாற்காலியோடு தூக்கிப் படகில் ஏற்றி, கால்வாய் வழியாகக் கொண்டுபோய், பானைச் சூளைக்குப் பக்கத்துக் குடிசையில் கிடத்தினோம். விருந்தாளிச் சீட்டுக் கட்டு இல்லாமல் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததால் அதுவும் அவர் சட்டைக்குள் வந்தது. ஒன்று மாற்றி ஒன்று அவருக்குத் தேவைப்படும் என்பதால் என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்கள், கையில் களிமண்ணைப் பூசி, பானை செய்கிறவளாக. பிள்ளைகள் இருவரும் பானைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். வாழ்க்கையில் தங்களுக்குப் பொருத்தமான இடத்தில் அவர்கள் நின்றது அன்றுதான்.

வந்தது கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி. நல்லவளாகத் தெரிந்தாள். "அப்பா, பாத்துக்க ஆள் யாரும் இல்லையா?" என்று பர்மியில் கேட்டாள். சொல்லிக்கொடுத்தபடி மாமனார் இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

"பேப்பர் ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றாள்.

வந்தது வினை. அதிகாரி பேப்பர் கேட்டு மாமனார் கொடுக்காமல் இருப்பாரா? இடது கை சட்டைக்குள் போனது. நூல் கட்டிய நூற்றைம்பது சீட்டுகள் வெளியே வந்தன.

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "அஞ்சு மாசமா ரங்கூன்ல ஒரே வீடு. தினமும் ஒரே கையெழுத்து. இது யாரோடது?"

மாமனார் என்னைக் காட்டினார். "மருமக" என்றார் தமிழில். அவள் எழுதிக்கொள்ள வசதியாகப் பர்மியிலும் சொன்னார். வாதம் வந்த பிறகு அவ்வளவு தெளிவாக அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. பின்னால் ஒரு பானை உடைந்தது. அதிகாரி என் களிமண் கையைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ஆள் உண்டு' என்று எழுதி மூடினாள்.

படகில் நான் வெடித்தேன். "ஏன் மாமா காட்டுனீங்க? ஏன் காட்டுனீங்க?"

"ஆபீசர்... கேட்டா... காட்டணும்" என்றார்.

அழுகை அழுகையாக வந்தது. போனது அவருடைய கட்டில் அல்ல, என்னுடைய தூக்கம்.

வீட்டுக்கு வந்தாலும் அவர் விருந்தாளிதான். பெயரை எடுக்க இரண்டு பாக்கெட் போதும், சேர்க்க மேலிடத்து அனுமதி வேண்டுமாம். மணி ஐந்தாகிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு நீங்க போங்க. எனக்கு உடம்புல தெம்பு இல்ல" என்று கணவரிடம் சொல்லிவிட்டு மாமனாரின் காலில் ஒட்டிய சேற்றைத் துடைக்க உட்கார்ந்தேன்.

கணவர் போய் வாங்கி வந்தார். வேஷம் கலைந்தபிறகும் பழக்கம் விடவில்லை, 'தெரிந்தவர்' என்றே எழுதியிருந்தார். நான் எழுதிய நூற்றைம்பதையும் பேசாமல் வாங்கி வைத்த மாமனார், அந்த ஒன்றை மகனிடமே திருப்பி நீட்டினார்.

"தப்பு. மாத்தி... வாங்கிட்டு வா."

"நாளைக்கு மாத்திக்கலாம்ப்பா."

"ஆபீஸ்... இன்னும் மூடல."

கணவர் என்னைப் பார்த்தார். நான் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீட்டை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். திரும்பி வந்தபோது அந்தச் சொல் அடிக்கப்பட்டு, மேலே 'அப்பா' என்று எழுதி, புதிதாக முத்திரை விழுந்திருந்தது.

மாமனார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் படித்தார்.

"சரியா... இருக்கு" என்றார். "தங்கலாம்."