ராணியக்காவின் போர் தண்ணியும் என் மண் பாட்டில்களும்

மண்ணில் பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று சோதிப்பது என் தொழில். குழி தோண்டுகிற இடத்திலெல்லாம் புதையலா என்று கேட்பார்கள். வெயிலில் நின்று ஊருக்கெல்லாம் பதில் சொல்லிச் சலித்த என் இனமே, இது உங்களுக்கு.

ஜலதோஷம்

மந்தைவெளியில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் சுவரை ஒட்டிய சந்தில் ராணியக்காவின் இட்லிக் கடை. போர் தண்ணியில் பெட்ரோல் வாடை வந்ததும் சாப்பிட வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். கடையை மூடி ஒரு மாசம். பங்க்காரரோ தன் டேங்க் ஒழுகவே இல்லை என்று சாதித்தார். மண் பரிசோதனையில் தெரிந்தால்தான் டேங்கைத் தோண்டுவாராம், அக்காவுக்கு லாரித் தண்ணியும் தருவாராம்.

நான் மண்ணைப் பாட்டிலில் அடைப்பதை அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்தார். மோந்து பார்த்து எழுத முடியாது, லேபில் ரெண்டு வாரம் ஆகும் என்றேன்.

"எனுக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்சுது. உன் மிசினுக்கு இன்னா சார், ஜலதோசமா?"

சுத்தமான மணல்

எங்கள் வேலையில் ஒரு வழக்கம். ஆபீஸிலிருந்து ஒரு பாட்டிலில் சுத்தமான மணல் கொண்டுபோவோம். சைட்டில் அதையும் திறந்து மூடி, மற்ற பாட்டில்களோடு லேபுக்குத் தருவோம். அதில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கோளாறு நம்மிடம், மொத்தமும் செல்லாது.

அந்த மணலிலும் பெட்ரோல்! மண் எடுத்த அன்று காலை வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டதே என்று வழியில் பெட்ரோல் போட்டேன். வண்டி டேங்க் மூடியில் வழிந்ததைக் கையால் துடைத்தேன். அதே கையோடு கிளவுஸை எடுத்து மாட்டினேன். புதுசாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித் தருகிற பாடம் இது. மானம் போயிற்று. லேபில் லதா மேடம் ரிசல்ட்டை நீட்டினார்.

"நம்ம ஆபீஸ் மணல்லயே பெட்ரோல் கிடைக்குதுங்க, பேசாம நாமளே ஒரு பங்க் ஆரம்பிச்சிடலாம்."

ஐஸ் பெட்டி

நடந்ததை மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். இன்னும் ரெண்டு வாரம் அடுப்பு எரியாது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை; கழுவி வைத்திருந்த இட்லித் தட்டுகளைத் திரும்பப் பரணில் ஏற்றினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் வண்டியைத் தொடவில்லை. மூணு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, மறுபடி மண் எடுக்க பஸ் ஏறினேன். மண் பாட்டில்கள் சூடாகக் கூடாது, அதனால் ஐஸ் பெட்டி. திரும்பும்போது கண்டக்டர், மீனெல்லாம் ஏற்றக் கூடாது என்று வழிமறித்தார். திறந்து காட்டினேன்.

"மனுசனுக்கே ஏசி இல்ல, மண்ணுக்கு ஐஸாய்யா?"

கடை திறந்த அன்று

இந்த முறை மணல் சுத்தம். பங்க் சுவரோரத்து மண்ணில் பெட்ரோலோ பெட்ரோல். தோண்டிப் பார்த்தால் டேங்கின் அடியில் ஓட்டை. லாரித் தண்ணி வந்தது.

கடை திறந்த அன்றே போனேன். ஆவி பறக்க இட்லி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, நான் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துவிட்டார்.

"வா சார், உனுக்குத்தான் மொத தட்டு. ஆனா போய் கைய கழுவிக்கினு வந்து குந்து."

பூமிக்குள் பத்தடி கீழே இருக்கிற பெட்ரோலை நான் கண்டுபிடித்துவிடுவேன், என் கையில் இருந்ததைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு லேபே தேவைப்பட்டது.