சீனக்குடாவிலிருந்து இலங்கைத்துறைக்கு

அக்கா வீட்டு அலுமாரிக்கு மேல் ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கிறது. கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டுக்கான கைப்பிடி. அது அத்தானுடையது. கணினி எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. இதை மட்டும் எறிய அக்காவுக்கு மனம் வரவில்லை.

அத்தானுக்கு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை. விமானியாக வேண்டும் என்று சின்ன வயதில் ஆசைப்பட்டவர். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்தக் காலத்தில் அது நடக்கிற காரியமா? அதனால் ஓர்ஸ் ஹில் வீட்டு முன்னறையில் கதிரையைப் போட்டுக்கொண்டு பறந்தார். அதிலும் கருவிகளைப் பார்த்துப் பறப்பது அவருக்கு இழுக்கு. கரை, ஆறு, மலை என்று கீழே தெரிவதைக் கண்ணால் பார்த்துத்தான் வழி பிடிக்க வேண்டும். திசைகாட்டியும் கைக்கடிகாரமும் துணைக்குப் போதும் என்பார். பக்கத்தில் போய் நின்றால் எனக்கும் பாடம் தொடங்கிவிடும். “நிலத்தைப் பாரும் பிள்ளை. நிலம் பொய் சொல்லாது.” வீட்டில் ஒரு பல்ப் மாற்றத் தெரியாதவர் பிளேன் ஓட்டுகிறாராம் என்று அக்கா குசினிக்குள் இருந்து சொல்லுவாள். அவரும் சிரிப்பார்.

மூதூர்ப் பக்கம் சண்டை மூண்டதும் இந்தப் பகிடியெல்லாம் நின்றுபோனது. அத்தானின் அம்மா அந்தப் பக்கம், சொந்த ஊரான இலங்கைத்துறையில் தனியே இருந்தார். எங்களோடு வந்து இருக்கச் சொல்லி அக்கா எத்தனையோ தரம் கேட்டிருந்தாள். மாட்டை விட்டிட்டு வர ஏலாது என்பதே மாமியின் ஒரே பதில். இப்போது குடாவைக் கடக்கிற லாஞ்சு இல்லை, பாதை பூட்டு, போனும் வேலை செய்யவில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் விழுந்த ஷெல் எங்கள் யன்னல் கண்ணாடிகளை உலுக்கியது. விசாரிக்கக்கூடிய இடமெல்லாம் விசாரித்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கந்தோரால் வந்ததும், தேத்தண்ணியைத் தொடாமல், அத்தான் கணினியில் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து கிளம்புவார். குடாவைக் கடந்து, வெளிச்சவீட்டு முனையில் தெற்கே திரும்பி, கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு களப்பு கடலோடு சேருகிற வாய் தெரியும்வரை போவார். அதே திசைக்கு உண்மையான குண்டு விமானங்கள் எங்கள் கூரைக்கு மேலால் போகும்போது அவருடைய கை அந்தப் பிடியில் இறுகிவிடும். என்னால் அதைப் பார்க்க முடியாது. எழும்பி உள்ளே போய்விடுவேன்.

ஊர் வந்ததும் பதிந்து வட்டமடிப்பார். திரையில் பச்சை, பக்கத்தில் நீலம், அவ்வளவுதான். ஒரு கூரை இல்லை. இந்த விளையாட்டைச் செய்தவனுக்கு எங்கள் ஊர் இருப்பதே தெரியாது என்று ஏசுவார். “இதிலதான் கிணறு. இதில மாட்டுப்பட்டி. மாட்டை விட்டு அம்மா அசையமாட்டா,” என்று வெறும் பச்சையில் விரலை வைத்துக் காட்டுவார்.

ஒருநாள் அக்கா அவருடைய கையைப் பிடித்தாள். “காணும், இறங்குங்கோ.”

“எங்க இறங்கிறது?” என்று கேட்டார் அத்தான்.

பல மாதங்களுக்குப் பிறகு மட்டக்களப்பு முகாம் ஒன்றிலிருந்து ஊர்க்காரப் பெண் ஒருவர் போன் எடுத்தார். சண்டை தொடங்கிய முதற்கிழமையே மாமி மாடுகளை அவிழ்த்துவிட்டு, சனத்தோடு சனமாக வாகரைக்கு நடந்திருக்கிறார். அங்கே ஒரு மரத்தடியில் காய்ச்சல் கண்டு கண்ணை மூடிவிட்டார். ஊரில் அன்றிலிருந்தே ஆளும் இல்லை, ஒரு குஞ்சும் இல்லையாம்.

அத்தான் போனை வைத்துவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்தார். அதைப் போடவில்லை. கறுத்த திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அது சரியாத்தான் காட்டியிருக்கு, பிள்ளை. நான்தான் நம்பேல்லை.”

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்கு முதல் இலங்கைத்துறையில் நிற்கலாம். அத்தான் ஒருதரமும் போகவில்லை. போன பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது அந்தக் கைப்பிடியை இறக்கித் துடைத்தேன். பெருவிரல் பட்ட இடம் தேய்ந்து வழுவழுத்திருந்தது. எங்கே வைக்க என்று கேட்டேன். பேப்பரிலிருந்து அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“எடுத்த இடத்திலயே வையும்,” என்றார்.