பலகைக்கு விலை கேட்டு மேலுமலை ஏறியது

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குத் திருப்பத்தூரில் பஸ் ஏறினேன். கிருஷ்ணகிரிக்கு இருபத்தாறு மைல், கட்டணம் பதின்மூன்று அணா. கையில் ஒரு துணிப்பை. மடியில் என் மனைவி சம்பூர்ணத்தின் ஒன்பது சவரன் இரட்டை வடச் சங்கிலி. நிமிஷத்துக்கு ஒரு தடவை மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு வயிற்று வலி என்று நினைத்து ஓமம் கொடுத்தார், வாங்கி மென்றேன்.

விஷயம் இதுதான். ரயில்வேக்காரர்களை நம்பிப் பதினொரு வருஷமாக ஒரு சின்ன மெஸ் நடத்துகிறோம். பெங்களூரில் நந்தி விலாஸ் என்ற பெயரில் ஓட்டல் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், சூளகிரியில் உள்ள தம் கிளையைப் பெயரோடு விற்கப் போவதாகக் கேள்விப்பட்டு எழுதினேன். பதில் வந்தது. பெயருக்கும் பாத்திரங்களுக்கும் இரண்டாயிரம் ரூபாய். அதற்கு மேல் மாதம் ஐம்பது. காப்பித் தூளும் சாம்பார்ப் பொடியும் அவர் கடையில்தான் வாங்க வேண்டும். இரண்டு மாதம் தவணை தவறினால் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். முன்பணமாக நகை கொடுத்தாலும் சரி என்று கடைசியில் ஒரு கருணை.

மெஸ்ஸை விற்றால் ஆயிரத்து முந்நூறு தேறும். மீதிக்குத்தான் சங்கிலி. கழற்றிக் கொடுக்கும்போது சம்பூர்ணம் அழவில்லை. "போனதும் கையெழுத்துப் போட்டுடாதீங்க. ரெண்டு நாள் உக்காந்து பாருங்க" என்று மட்டும் சொன்னாள். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் என்று என்னைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தவறான அபிப்பிராயம் என்று சொல்ல மாட்டேன்.

பத்து மணிக்குக் கிருஷ்ணகிரி. வண்டி மாறிச் சூளகிரிக்குப் பதினாறு மைல், எட்டணா. மேலுமலை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகி ஏறியது. முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்ப, டிரைவர் மாதையன் வண்டியைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

"நந்தி விலாஸ்ல நிறுத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க நிறுத்தாம வேற எங்கங்க நிறுத்தறது?" என்றார். காதில் தேன் பாய்ந்தது.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சாலை ஓரத்தில் ஓட்டுக் கட்டடம், பக்கத்தில் ஒரு கிணறு, கல்தொட்டி. வாசலில் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய பெரிய நீலப் பலகை. பஸ் நின்றதும் முப்பது பேர் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். மேனேஜர் வாசுதேவ ராவ், மங்களூர்ப் பக்கத்து மனிதர், கைகூப்பி வரவேற்று இலை போட்டார்.

சாப்பாடு பத்தணா. சாம்பார் சுமார்தான், என் வீட்டுச் சாம்பாருக்குக் கால் தூசி. இதற்கா இந்தக் கூட்டம் என்று வியந்தேன். பெயருக்குத்தான் கூட்டம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். இருட்டுவதற்குள் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஏறி வந்த பதினொரு பஸ்களும் ஆறு லாரிகளும் நின்றன. பெங்களூரிலிருந்து இறங்கி வந்தவை ஒன்றுகூட நிற்கவில்லை. அது ஏன் என்று யோசிக்க வேண்டியவன் நான். மூன்றாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்து விபூதி பூசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாலை ஆறு மணிக்குக் கையெழுத்து என்று ராவிடம் சொல்லியாகிவிட்டது. எட்டு மணிக்கு முதல் பஸ் வந்தது; நிற்காமல் போனது. எட்டே முக்காலுக்கு இரண்டாவது. அதுவும் போனது. மூன்றாவதில் மாதையன் எனக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். பத்து மணிக்கு உள்ளே நானும் ராவும் ஈக்களும் மட்டும். அண்டா நிறைய இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

பெஞ்சை விட்டு எழுந்து ராவிடம் போனேன். "என்ன ராவ்காரு, ஊர்ல யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல ஸ்வாமி. சுக்ரவாரம் ஹீகேதான், வெள்ளிக்கெழமன்னா இப்படித்தான். நோடி, பாருங்க, தொட்டியில நீரு இல்ல."

எட்டிப் பார்த்தேன். நேற்றுத் தளும்பிய கல்தொட்டி வறண்டு கிடந்தது. கவலையில் தண்ணீர் இறைக்கும் இடத்தில் மாடுகளைக் காணோம். ராவ் விளக்கினார். கிணறு வெங்கடம்மா என்ற விவசாயி அம்மாளுடையது. அவளுடைய இரண்டு காளைகள்தான் தினமும் கவலை இழுத்து வயலுக்கும் தொட்டிக்கும் தண்ணீர் நிரப்பும். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தை. விடியுமுன்பே அதே காளைகளை வண்டியில் பூட்டி, அவரையும் கடலையும் ஏற்றிக்கொண்டு ஒன்பது மைல் போய்விடுவாள். மலையேறிக் கொதித்து வரும் இஞ்சினுக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் டிரைவர் இங்கே நிறுத்துவானேன்? இரண்டு மைல் தள்ளி ஏரிக்கரையில் நிறுத்துவான். ஜனங்களும் அங்கேயே குடிசைக் கடையில் டீ குடித்துவிடுவார்கள்.

"அந்தக் கெணறு ஒப்பந்தத்துல இருக்கா?"

"கெணறு இல்ல ஸ்வாமி. கட்டடமும் அந்த அம்மாதே. வாடகைக் கெடு இந்த மாசத்தோட முடியுது."

"நேத்தே இதைச் சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலே. சாம்பார்ல பெருங்காயம் எஷ்டு, எவ்வளவுன்னுதான் கேட்டீங்க." அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்து என்ன செய்ய? இஞ்சின் தாகத்தை என் சாம்பார் நாக்கால் அளந்தவன் நான்தானே.

மாலை ஐந்தரைக்கு வண்டி திரும்பியது. வெங்கடம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும்; தானே ஓட்டி வந்தாள். காளைகளை அவிழ்த்துக் கட்டும்வரை காத்திருந்து பேச்சை ஆரம்பித்தேன்.

"ரண்டி, கூச்சோண்டி" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிக் கல்லைக் காட்டினாள். "கட்டடமும் என்னுது, கெணறும் என்னுது. போர்டு ஒண்ணுதான் அவங்கது. கெடு முடிஞ்சா நான் அவங்களுக்குத் திருப்பித் தர மாட்டேன்."

"ஏம்மா?"

"மூணு வருஷமாக் கேக்கறேன், கழுநீரை என் எருமைங்களுக்கு ஊத்துங்கன்னு. ஓட்டல் சாமான் எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு பெங்களூரு உத்தரவாம். தெனம் சாக்கடைல கொட்டறாங்க. என் தண்ணிதானேங்க அது?"

திருப்பத்தூரில் எங்கள் கழுநீர் பதினொரு வருஷமாகப் பால்காரி வீட்டு மாட்டுக்குத்தான் போகிறது. அதைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. பலகை இல்லாமல் கட்டடத்தை எனக்கே விடுவதாக ஏற்பாடு. மாதம் இருபது ரூபாய் வாடகை, அரிசி களைந்த நீர் முதல் காய்த்தோல் வரை அவள் எருமைகளுக்கு. கால் மணியில் பேசி முடித்தோம்.

"ஆனா வெள்ளிக்கெழம தண்ணி கெடையாதுங்க" என்றாள்.

"வெள்ளிக்கிழமை கடையே கிடையாதும்மா."

அருகில் நின்ற ராவ் தலையாட்டினார். முதலாளி இந்தப் பலகையை மங்களூர்ப் பக்கம் எங்காவது மாட்டிவிட்டால் தமக்கும் சொந்த ஊர் பக்கமாகிவிடும் என்றார். அன்று ராத்திரி மிச்ச இட்லியை நாங்கள் மூவரும் எருமைகளும் பங்கு போட்டோம். உபதேசமாக ஒரு வார்த்தை: விற்கிறவரிடம் கேட்பதோடு, சந்தைக்குப் போனவர் திரும்பி வரும்வரை காத்திருந்தும் கேளுங்கள்.

சனிக்கிழமை காலை மாதையன் வண்டியிலேயே இறங்கினேன். மலை இறக்கத்தில் இஞ்சின் குளிர்ந்து ஓடியது, நானும்தான். திருப்பத்தூரில் ரயில் மணிக்குப் பசி வரும். சூளகிரியில் தொட்டித் தண்ணீருக்குப் பசி வரும். எங்கே வந்தால் என்ன, பரிமாறத் தெரிந்தவனுக்குப் பிழைப்பு உண்டு. மெஸ்ஸை விற்கிற பணத்தில் பாத்திரமும் மூன்று மாதச் செலவும் போக மிஞ்சும்.

ஒரு மணிக்கு வீடு. சங்கிலியை எடுத்து நானே சம்பூர்ணத்தின் கழுத்தில் போட்டேன். பலகை, கிணறு, கழுநீர் எல்லாம் சொன்னேன். அவள் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை கடை கிடையாதா? வாராவாரமா?"

"வாராவாரம்."

"அப்ப அன்னிக்கு ரெண்டு இலை போட்டு, நானும் உங்ககூடவே உக்காந்து சாப்பிடறேன்" என்றாள்.

பதினொரு வருஷமாக ஊருக்கெல்லாம் சோறு போட்ட வீடு. நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.