குறுக்கே நின்ற வெள்ளைத் தடி

போன வருடம் அரையாண்டு விடுமுறையில் நடந்தது இது. தூத்துக்குடியிலிருந்து நானும் மனைவியும் எங்கள் பதினொரு வயது மகளும் மும்பைக்குப் போயிருந்தோம். செம்பூரை ஒட்டிய திலக் நகரில் மனைவியின் தங்கை வீடு.

மகளுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பே சுருண்டுவிடும். அதனால் எங்கே கிளம்பினாலும் என் மனதில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். ஹாரன், விசில், குக்கர், பலூன், மிக்சி. இவை இல்லாத இடம்தான் எங்களுக்குச் சுற்றுலாத் தலம். ஊர் பார்க்க வருகிறவர்கள் பார்க்கும் எதையும் நாங்கள் பார்த்ததில்லை.

கொழுந்தியாள் அதையெல்லாம் யோசித்து ஒரு திட்டம் போட்டுத் தந்தாள். ஞாயிறு விடிந்ததும் மாட்டுங்காவுக்குப் போய்விட வேண்டும். வட்டமான தோட்டம் ஒன்று இருக்கிறது, காலையில் கூட்டம் வராது. பக்கத்திலேயே இட்லிக் கடை, மூலை மேஜையில் உட்கார்ந்தால் சமையலறைச் சத்தம் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை பகலில் தண்டவாள வேலைக்காகச் சில தடங்களில் வண்டியை நிறுத்திவிடுவார்கள், மெகா பிளாக் என்று பெயர். அதற்குள் குர்லாவில் வண்டி மாறித் திரும்பிவிட வேண்டும். “பத்து மணிக்குள்ள கிளம்பிருங்க அத்தான். அப்புறம் குர்லா வேற மாதிரி இருக்கும்” என்று இரண்டு முறை சொன்னாள். மகளை வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம், சான்றிதழைப் பையில் வையுங்கள் என்றும் சொன்னாள். சான்றிதழை வைத்துக்கொண்டேன். அந்தப் பெட்டியில் ஏற மனம் வரவில்லை. பார்த்தால் சாதாரணப் பிள்ளை போலத்தானே இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு வீம்பு.

மனைவிக்கு முந்தின நாள் கால் பிசகியிருந்தது. கொழுந்தியாளுக்கு டியூட்டி. நானும் மகளும் மட்டும் போனோம்.

அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் பனிக்குள் நடந்தது போலத்தான் இருக்கிறது. பூக்கடைகளில் அப்போதுதான் ஈரத்துணியை விலக்கிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்கச் சாமந்தி வாசனை. தோட்டத்தில் பெரிய மரங்களின் அடியில் வெயில் வட்டவட்டமாக விழுந்து கிடந்தது. மகள் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குக் கால் வைத்து நடந்தாள். தானாக முனகினாள், சந்தோஷமாக இருக்கும்போது வரும் முனகல். காதை மூடும் ஹெட்போனைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வெளியே அவள் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பது போல உட்கார்ந்திருந்தேன். நேரம் பார்த்தபோது பதினொன்றாகியிருந்தது.

குர்லாவில் இறங்கி ஹார்பர் தடத்தின் நடைமேடைக்கு வந்தால், செம்பூர் பக்கம் வண்டியே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே தேங்கி நின்றார்கள். தலைக்கு மேலே ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் மாறிமாறிக் கத்தியது. மகள் சுருளத் தொடங்கினாள். ஹெட்போனை எடுக்கப் பையைத் திறந்தேன். ஜிப் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். நிமிர்ந்தபோது அவள் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினேன். திரும்ப மாட்டாள் என்று தெரிந்தும் கத்தினேன். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள், எல்லாரும் ஏதோ ஒரு நிற உடையில் இருந்தார்கள். என் மகள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தாள் என்பதே மறந்துபோனது.

என் தமிழைக் கேட்டு ஒரு அம்மா ஓடிவந்தார். தாராவிக்காரர். தைத்த பைகளை மூட்டையாகக் கட்டி வாஷிக்குக் கொண்டுபோகக் கிளம்பி, எங்களைப் போலவே மாட்டிக்கொண்டவர். மூட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். நான் மூச்சுவாங்க என் பட்டியலை ஒப்பித்தேன். சத்தம் ஆகாது, கூட்டம் ஆகாது, தொட்டால் ஆகாது.

“அண்ணே, எதெல்லாம் ஆகாதுன்னு சொல்லிட்டிய. புள்ளைக்கு என்ன பிடிக்கும்? அதச் சொல்லுங்க. அது அங்கனதான் போயிருக்கும்.”

பிடித்தது எதுவும் என் பட்டியலில் இல்லை. பதினொரு வருடம் வளர்த்திருக்கிறேன். மறுபடியும் அவள் பெயரைச் சொல்லிக் கத்தத்தான் வந்தது.

அவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அப்போதுதான் கத்துவதை நிறுத்தினேன். நிறுத்தியதும் இரைச்சலுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பீப், பீப், பீப். ஒரே சீராக, நடைமேடையின் கோடியிலிருந்து. எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவைத் திறந்தே வைத்தால் இப்படித்தான் கூப்பிடும். மகள் அதை வேண்டுமென்றே திறந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து சிரிப்பாள். கரண்ட் வீணாகிறது என்று நான் போய் மூடிவிடுவேன்.

“அந்தச் சத்தம் என்ன?” என்றேன். கண் தெரியாதவர்களுக்காக வைத்தது, மாற்றுத்திறனாளிகள் பெட்டி அங்கேதான் வந்து நிற்கும் என்றார். ஓடினேன்.

தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டேன். சத்தம் வரும் கம்பத்துக்குக் கீழே, விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி நின்றாள். அதே நேரம் அவள் நின்ற பக்கத்துத் தடத்தில், எங்களுக்கு எதிர்த்திசையில் போகும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. காதைப் பொத்திக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல் முன்னால் கால் எடுத்தாள். எடுத்த காலோடு நின்றுபோனாள். அவள் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைத் தடி இருந்தது.

தடியைப் பிடித்திருந்தவர் நாற்பது வயதிருப்பார், இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி. வண்டி நின்றது. அவரோடு காத்திருந்தவர்கள் ஏறினார்கள். அவர் தடியை விலக்கவில்லை. வண்டி கிளம்பிப் போகும் வரை அப்படியே வேலி போலப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவர் போகவேண்டிய வண்டி.

நான் போய் மகளைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் இந்தியில் பேச, தாராவி அம்மா எனக்குச் சொன்னார். பீப் சத்தத்தோடு சேர்ந்து ஒரு குழந்தை முனகுவது கேட்டதாம். முனகல் விளிம்புக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்ததாம். பக்கத்தில் பெரியவர்கள் குரல் எதுவும் கேட்காததால் தடியை நீட்டினாராம். குழந்தைக்கு என்ன என்று கேட்டார்.

“ஒன்றும் இல்லை” என்றேன். வழக்கமாக எல்லாரிடமும் சொல்வது, வாயில் தானாக வந்துவிட்டது.

மொழிபெயர்த்ததும் அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். “தனக்கும் ஒண்ணும் இல்லையாம்ணே. கண்ணு தெரியாது, அம்புட்டுத்தானாம்.”

அவருடைய அடுத்த வண்டிக்கு அரை மணி நேரம் இருந்தது. ஆட்டோ பிடித்துத் திலக் நகர் போயிருக்கலாம். ஆனால் மகள் நகரவில்லை. ஹெட்போனை நீட்டினேன், தள்ளிவிட்டாள். கம்பத்தில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடி, பீப்புக்குப் பீப் முனகினாள். அவர் தடியின் நுனியால் தரையில் மெல்லத் தட்டினார். இவள் முனக, அவர் தட்ட, ஒலிபெருக்கியும் கூட்டமும் எங்கோ தொலைவுக்குப் போய்விட்டது போல இருந்தது. அந்த அம்மா மூட்டையை இழுத்துவந்து அதன்மேல் உட்கார்ந்து, கச்சேரி கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. அடக்கவும் தோன்றவில்லை.

அவர் வண்டி வந்ததும் ஏறிப்போனார். நன்றி என்று எந்த மொழியில் சொன்னேன் என்பது நினைவில்லை.

நடந்ததை வீட்டில் முழுதாகச் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. இப்போதும் சில சமயம் நல்ல பகலில், கடையில் நிற்கும்போதுகூட, அந்த ஓரடி இடைவெளி கண்முன் வந்து நிற்கிறது. வெளியே போனால் மகளின் கையை முன்னைவிட இறுக்கமாகத்தான் பிடிக்கிறேன். ஆனால் அவள் இழுத்தால் இப்போதெல்லாம் திருப்பி இழுப்பதில்லை, பயத்தோடேயே அவள் போகிற பக்கம் கொஞ்ச தூரம் நானும் நடந்து பார்க்கிறேன்.