பட்டியலில் இல்லாத நிறுத்தம்

டேட்டாபேஸோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், அது நம்மை லேசில் நம்பாது. இரண்டாயிரங்களின் நடுவில் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு அந்தக் குடித்தனம்.

விதிக்கு லீவு

கம்பெனி பஸ் விவரங்களை எக்செல்லிலிருந்து புது சிஸ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதில் ஒரு விதி உண்டு, கன்ஸ்ட்ரெயின்ட் என்போம்: தொழிலாளி ஏறும் நிறுத்தம், நிறுத்தங்களின் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். பட்டியல் முழுதாக வருவதற்குள் ஆட்களின் பெயர்களை ஏற்றினால் சிஸ்டம் திருப்பி அனுப்பிவிடும். அதனால் விதியைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு எல்லாரையும் ஏற்றினேன். பக்கத்தில் நின்ற டிரான்ஸ்போர்ட் ஆபீசர் சபாபதி கேட்டார்: "ஜூஜுவாடி பார்டர் செக்போஸ்ட்ல இப்படி கொஞ்ச நேரம் கேட்டைத் தூக்கி வெச்சா என்னென்ன உள்ள வரும் தெரியுமாம்மா?"

உள்ளே வந்தவர்

விதியைத் திரும்பப் போட்டபோது சிஸ்டம் மறுத்துவிட்டது. ஒரே ஒருவர் பொருந்தவில்லை: மாதேஷ், நிறுத்தம் நாட்றாம்பாளையம். அது அஞ்செட்டியையும் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற ஊர். எங்கள் பஸ்ஸோ அஞ்செட்டியிலிருந்துதான் கிளம்பும். அஞ்செட்டி என்று மாற்றிவிடச் சொன்னார் சபாபதி. எனக்கு ஆள் யாரென்று பார்க்க ஆசை.

தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை, அங்கே போய்ப் பார்த்தேன். விடியுமுன் பால் வண்டி கிடைத்தால்தான் மாதேஷ் அஞ்செட்டிக்கே வந்து சேருவார். இன்னொரு முறை தாமதமானால் வேலை போய்விடும் என்று மெமோ கொடுத்திருந்தார்கள். பஸ் வராத ஊரை ஏன் எழுதினீர்கள் என்றேன். "எங்க ஏறுவீங்கன்னு கேட்டிருந்தாங்க மேடம். நான் ஏற வேண்டியது அங்கதானுங்களே."

விதி திரும்பியது

அவர் எழுதியதை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. பட்டியலில் நாட்றாம்பாளையத்தையும் சேர்த்தேன். அங்கே பஸ் வரும் நேரத்தை சிஸ்டம் கேட்டது, உத்தேசமாக ஒன்றைப் போட்டேன். விதி சத்தமில்லாமல் ஏறிக்கொண்டது. பஸ் அங்கே எங்கே போகப்போகிறது என்ற தைரியம்தான்.

ஆனால் எங்கெங்கே நிற்க வேண்டும் என்று டிரைவருக்குத் தரும் ஷீட்டும் அதே பட்டியலிலிருந்துதான் அச்சாகும். அஞ்செட்டியில் இரவு தங்கும் டிரைவர் நாகராஜப்பா, மறுநாள் பஸ்ஸை ஓசூருக்கு எதிர்த் திசையில் விட்டார். அன்று மாதேஷ் நேரத்துக்கு முன்பே கார்டைப் பஞ்ச் பண்ணிவிட்டார். யாரைக் கேட்டுப் போனாய் என்று சபாபதி சத்தம் போட்டார். நாகராஜப்பா நிதானமாகச் சொன்னார்: "ஷீட்ல ஊரு இருந்துச்சு சார், போனேன். ஆளு நின்னாரு, ஏத்திக்கிட்டேன். நாளைக்கும் வரேன்னு வேற சொல்லிட்டேன்."

விதியை நிறுத்தி வைத்தால் பட்டியலுக்குள் தப்பு நுழையும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அப்புறம் தினமும் காட்டுக்குள் பஸ் நுழையும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.