சுருட்டை முடியும் ஒரு குடம் நல்ல தண்ணீரும்

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கும் இறுப்பிட்டியில் எங்கள் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் தொடர்ந்து முழுகினால் நேரான முடியே தும்பாகிவிடும். சுருட்டை முடியின் கதியைக் கேட்கவே வேண்டாம். அப்போது எழுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபது வயது. ஐயா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். எழுதுவினைஞர் வேலைக்கான சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டிருந்தேன். ஊருக்குக் காட்ட என்னிடம் மிச்சமிருந்தது தலையிலிருந்த சுருட்டை ஒன்றுதான்.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றிருந்த காலம் அது. தலைக்குப் பூசும் கிறீமைக் கடைகளில் கண்ணாலும் காண முடியாது. ஆகவே வேலியோரக் கற்றாழையை வெட்டி, அதன் சோற்றை வழித்து, தேங்காயின் முதற்பாலில் அடித்துப் பூசுவேன். முதற்பால் என் தலைக்குப் போனதால் குழம்புக்குக் கடைசியாகப் பிழிந்த கப்பிப்பால்தான் கிடைத்தது. நான் முழுகும் சனிக்கிழமைகளில் குழம்பு தண்ணீராக இருக்கும்போதெல்லாம் அக்கா என் தலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். சுருட்டை முடி சோறு போடும் என்று யாரோ சொன்னார்களாம், இது குழம்பையல்லவா குடிக்கிறது என்பாள்.

சுருட்டை முடிக்குச் சில சட்டங்கள் உண்டு. அவற்றை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். காய்ந்த பின் சீப்பைக் காட்டக்கூடாது. ஈரத்திலேயே விரலால் சிக்கெடுக்க வேண்டும். துவாயால் அரக்கித் துடைக்கக்கூடாது. பழைய நூல் சேலைத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் அந்தத் துண்டையே தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டுதான் சைக்கிள் ஓடுவேன். வழியில் காண்கிறவர்கள் பல்லுக்கொதியோ, நோவு கடுமையோ என்று விசாரிப்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டுப் போவேன். முடி காய்ந்துவிடும் என்று உண்மையைச் சொல்வதைவிடப் பல்லுக்கொதி மரியாதையாக இருந்தது.

இவ்வளவு செய்தாலும் கடைசியில் உவர்த் தண்ணீரில் அலசினால் எல்லாம் பாழ். நல்ல தண்ணீர்க் கிணறு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரத்தில் இருந்தது. அம்மா தினமும் அங்கே போய்க் குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடம் கொண்டுவருவார். சனிக்கிழமைகளில் திரும்பவும் ஒரு நடை போய் என் தலைக்கென்று இன்னொரு குடம் கொண்டுவருவார். நான் ஏன் போகவில்லை என்றால், ஆம்பிளை குடம் சுமந்தால் ஊர் சிரிக்கும். பல்லுக்கொதித் துண்டோடு சைக்கிள் ஓடியவனுக்கு ஊர் சிரிப்பதில் அவ்வளவு பயம்.

மூன்றாம் தரமும் சோதனை எழுதிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"இந்தமுறை பாஸ் பண்ணினா உன்ரை தலைமயிரை நயினாதீவு அம்மனுக்குக் குடுக்கிறனெண்டு நேந்திருக்கிறன்."

நான் இடது கையால் தலையைத் தொட்டுப் பார்த்தேன். சித்தியெய்தினால் முடி போகும். தவறினால் இனி வேலையே இல்லை. எந்தத் தெய்வத்திடம் எதைக் கேட்பது? கோயிலில் நின்று, உனக்குச் சரியென்று பட்டதைச் செய் தாயே என்று பொதுவாகக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. கண் நோய் தீர்ந்தவர்கள் வெள்ளியில் கண் செய்து காணிக்கை வைக்கிறார்கள், கால் நோய் தீர்ந்தவர்கள் கால் வைக்கிறார்கள். வெள்ளியில் ஒரு கற்றை முடி வைத்தால் என்ன? தட்டாரிடம் போய்க் கேட்டேன். அவர் என் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் செய்வாராம், கால் செய்வாராம், நாகத்தோடு வீற்றிருக்கும் அந்த அம்மனுக்கு நாகமும் செய்வாராம். சுருட்டை முடி மட்டும் ஏலாதாம். வேண்டுமென்றால் நாகத்தையே நன்றாகச் சுருட்டித் தருவதாகச் சொன்னார். வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா சிரித்துப் புரையேறினாள். அம்மா சிரிக்கவில்லை. முடி என்று நேர்ந்துவிட்டு வெள்ளியைக் காட்டி அம்மனை ஏய்க்கப் பார்க்கிறாயா என்று கேட்டார்.

கடிதம் வந்தது. சித்தியெய்திவிட்டேன். யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. அடுத்த வெள்ளிக்கிழமையே நானும் அம்மாவும் மோட்டர் வள்ளத்தில் நயினாதீவுக்குப் போனோம். உப்புத் தண்ணீர் தெறித்தபோது தலையைத் துவாயால் மூடிக்கொண்டேன். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வழிக்கப்போகிற முடி! பக்கத்தில் இருந்தவருக்கு இது தெரிந்திருந்தால் என்னைப் பிடித்துக் கடலில் தள்ளியிருப்பார்.

மொட்டை வழிப்பவர் சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து, மூன்று கற்றை மட்டும் வெட்டினால் போதும் அண்ணை, அதுவும் காணிக்கைதான் என்று மெல்லச் சொன்னேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. எனக்காகப் போட்டிருந்த பலகையில் தானே போய் உட்கார்ந்தார்.

"நேந்தது நான்தானே. அவன் மாட்டனெண்டா என்ரையை வழியுங்கோ."

மொட்டை வழிப்பவர் திகைத்துவிட்டார். தாலியும் பொட்டுமாக இருக்கும் பெண்ணின் தலையில் எப்படிக் கத்தி வைப்பது, வீட்டுக்காரர் கண்டால் என்ன சொல்லுவார் என்று தடுமாறினார். அம்மா அதற்குள் கொண்டை ஊசியை உருவி முடியை விரித்துவிட்டார்.

அம்மாவின் முடியை நான் அதுவரை விரித்துப் பார்த்ததில்லை. விடியுமுன் எழும்பி உவர்க் கிணற்றில் முழுகி, ஈரத்தோடேயே இறுக்கி முடிந்துவிடுவார். இப்போது பார்த்தேன். என்னுடைய அதே சுருட்டை. நெற்றியோரத்தில் அதே இரண்டு சுழி. ஆனால் தேங்காய்ப் பொச்சுமட்டை போல வறண்டு, நுனியெல்லாம் வெடித்து, தோளுக்குக் கீழே முறிந்து முறிந்து நின்றது. அந்த முடிக்கு என்ன தேவை என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒரே ஒரு குடம்.

எனக்கு வெட்கமாக இருந்தது.

"எழும்புங்கோ அம்மா," என்றேன். அவர் அவசரமில்லாமல் எழும்பினார். நான் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன்.

முதற் கற்றை மடியில் விழும்போது அம்மா எனக்குப் பின்னால் நின்று கொண்டையை முடிந்துகொண்டிருந்தார். அப்போது அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இருக்கவில்லை.