சார் அமுக்கிய பொத்தான்

என் தையல் பெட்டியில், ஊசிகளுக்கும் துருப்பிடித்த கொக்கிகளுக்கும் நடுவே, கணினி விசைப்பலகையிலிருந்து பிடுங்கிய ஒரு பொத்தான் கிடக்கிறது. எடுத்தபோது வெள்ளையாக இருந்தது, இப்போது பழைய பல் மாதிரி மஞ்சள் ஏறிவிட்டது. மேலே எம் என்ற ஆங்கில எழுத்து. போன வாரம் கொக்கி தேடும்போது விரலில் இடித்தது. அதற்கு முந்தைய நாள்தான் சாருடைய மகன் கூப்பிட்டிருந்தார். சார் காலமாகி ஓராண்டு ஆகப்போகிறதாம். அவரிடம் வேலை பார்த்தவர்களிடம் எழுதி வாங்கி ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். “அக்கா, நீங்களும் ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க. கடையில இருந்தவங்கள்லயே நீங்கதான் கெட்டின்னு அப்பா சொல்லிக்கினே இருப்பாரு” என்றார். செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அவ்வளவு பெரிய மனசு கிடையாது. நாலு வரியில் அடங்குகிற சங்கதியும் இல்லை இது.

சார் என்று நான் சொல்வது விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருந்தவரை. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த சமயம். நான் வளவனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் வீட்டில் கரும்பும் மல்லாட்டைச் சாகுபடியும்தான் படிப்பு. டிப்ளமோ முடித்த என்னிடம் அப்பா ஒரே ஒரு கெடு வைத்திருந்தார். “ஒரு வருசம் போய்ப் பாரு. நிலையா ஒரு வேல கெடைச்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இல்லன்னா நான் காட்ற எடத்துல கட்டிக்கணும்.” அந்தக் கெடுவோடுதான் தினமும் பஸ் ஏறினேன். மற்ற கடைகளில் பெண்களைத் தட்டச்சுக்கு மட்டும் உட்கார வைத்தபோது, சார் என் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். அதை மறைத்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். சொல்லிவிட்டேன், அத்தோடு அவர் புகழ் முடிந்தது.

லினக்ஸ் என்ற இயங்குதளம் அப்போதுதான் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதில் ஒரே ஒரு பேஜாரு, சத்தம். கணினிக்குள் இருக்கும் சவுண்டு கார்டை அதற்கான டிரைவர் என்ற நிரல்தான் பேச வைக்கும். டிரைவர் இல்லாத கார்டு வெறும் தகடு. லினக்ஸுக்கு இரண்டு வகை டிரைவர் கிடைத்தது. ஒன்று, முகம் தெரியாத எத்தனையோ பேர் சேர்ந்து எழுதி இலவசமாக விட்டது. மற்றொன்று, உரிமம் வாங்கி, சாவி எண் போட்டுத் திறப்பது. சார் இரண்டாவதை விற்றார். மெஷினுக்கு இவ்வளவு என்று அவருக்கு அதில் கமிஷன் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம், “ஓசியில வர்றதுல ஓசை வராதுங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

திண்டிவனத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில், ஆங்கிலம் கேட்டுப் பேசிப் பழக பன்னிரண்டு கணினி வைத்து ஒரு கூடம் அமைத்தார்கள். வேலை எங்கள் கடைக்கு வந்தது. அந்தப் பள்ளியின் தாளாளர் செலவைப் பார்க்கிறவர். இலவசத்தையே போட்டுப் பார்ப்போமே என்று நான் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போனது. சாரும் தலையாட்டிவிட்டார். நான்கு நாள் திண்டிவனத்துக்கு அலைந்து பன்னிரண்டிலும் இலவச டிரைவரை ஏற்றினேன். அந்த டிரைவருக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றியதும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். ஒலியளவுத் திரையைத் திறந்து, எம் பொத்தானை ஒரு தரம் அமுக்கினால்தான் பேசும். மறுபடி அமுக்கினால் மறுபடி ஊமை. அது தெரியாமல் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போட்டவர்கள் நிறைய பேர். எனக்குத் தெரியும். பன்னிரண்டிலும் திறந்துவிட்டு, சேமித்து வைத்து, எல்லாவற்றிலும் ‘குட் மார்னிங், மே ஐ கம் இன்’ என்ற முதல் பாடத்தை ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் அன்று பஸ் ஏறினேன். கிளம்பும்போது தாளாளர், “நாளைக்கி எல்லாரும் பாக்கறப்ப நல்லா ஓடட்டும்மா. ஓடிச்சின்னா இந்த ரூமுக்கு நீயே இன்சார்ஜா வந்துடு” என்றார். அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் அம்மாவிடம், “திண்டிவனத்துக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கி?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

மறுநாள் கூடம் நிறைய ஆசிரியர்கள். சார் என்னைப் பார்த்து, “ஹெட்போன் பெட்டி வண்டியிலயே கெடக்குது, ஜல்தியா போய் எடுத்துக்கினு வாம்மா” என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். தாளாளர் நடுவில் இருந்த கணினி முன் உட்கார்ந்தார். நான் பாடத்தை ஓடவிட்டேன். திரையில் உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. கம்பியைப் பிடுங்கி மாட்டினேன். ஹெட்போனை மாற்றினேன். டிரைவர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், ஏறித்தான் இருந்தது. பக்கத்துக் கணினி, அதற்குப் பக்கத்துக் கணினி, எல்லாம் அப்படியே. ஒலியளவுத் திரையை மட்டும் நான் திறக்கவில்லை. முந்தின நாள் என் கையால் திறந்துவைத்த கதவு அது. திறந்த கதவை மறுபடி திறக்க யாருக்குத் தோன்றும்? முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். சார் என் தோளைத் தொடாமல் நாற்காலியை மட்டும் இழுத்து என்னை நகர்த்தினார். பையிலிருந்து தன் குறுந்தகட்டை எடுத்து, காசு டிரைவரை ஏற்றி, பேச வைத்தார். “சின்னப் பொண்ணுங்க, ஆசைப்பட்டு ஓசியப் போட்டுடுச்சி. நான்தான் தப்பு, நம்பி வுட்டுட்டேன்” என்றார். பன்னிரண்டு உரிமம் விற்றது. தாளாளர் அதன் பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்று வாரம் நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்கு ஆறவே ஆறாத பகுதி. தூக்கம் கெட்டு, எங்கே தவறினேன் என்று தாளில் எழுதி எழுதிப் பார்த்தேன். சார் என்னைத் தட்டச்சு மேசைக்கு மாற்றியிருந்தார், அதற்குக்கூட நன்றியோடு இருந்தேன். ஒருநாள் பக்திப் பாட்டு பதிவு செய்கிற ஒருவர் இரும்பை என்ற ஊரிலிருந்து கணினி வாங்க வந்திருந்தார். சார் என்னை டீ வாங்க அனுப்பினார். ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டுத் திரும்பினேன். வந்தவர் வெளியே பைக்கை நகர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் நின்றவாக்கில், இலவச டிரைவர் போட்டிருந்த கணினியில் ஒலியளவுத் திரையைத் திறந்தார், வாசலைப் பார்த்தபடியே எம் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார், திரையை மூடினார். கண் விசைப்பலகையின் பக்கமே போகவில்லை. அடுப்பில் பால் பொங்கும்போது கை தானாகப் போய் அணைக்குமே, அப்படி ஒரு பழக்கம்.

வந்தவர் உரிமம் வாங்கிக்கொண்டு போன பிறகு கேட்டேன். சார் பதறவில்லை. “யாவாரம்மா இது. காசு குடுத்தாத்தான் நல்லா கேக்குதுன்னு சனங்க நெனைக்கிறாங்க. நான் என்னா பண்ணட்டும்?” என்றார். திண்டிவனத்திலும் அதுதானா என்றேன். மேசையில் இருந்த ரசீதுகளை அடுக்கிக்கொண்டே, “ஒனக்கு என்னாம்மா, கல்யாணம் பண்ணிக்கினு போப்போற பொண்ணு” என்றார். அன்று சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவரால் அந்த எம் பொத்தானை நெம்பி எடுத்து, சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினேன். அவர் சொன்னபடியே தை மாதம் கல்யாணம் ஆனது. திண்டிவனத்திலேயேதான் புகுந்த வீடு. என் வீட்டுக்காரர் நல்லவர், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் கேட்டது அது இல்லையே. அந்தப் பள்ளி வாசலைக் கடந்துதான் காய்கறி வாங்கப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் இரண்டுமில்லை, ஆனாலும் நின்றேன். ஒன்பது வருடம். இதற்குள் வீட்டு முன்னறையிலேயே கணினி பழுது பார்க்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் அதே பள்ளியிலிருந்து ஆள் வந்தார். இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் பன்னிரண்டு கணினியும் ஊமையாகிவிட்டனவாம். காசு டிரைவர் மூடி முத்திரை வைத்த சரக்கு. புதிய இயங்குதளத்தோடு அது ஒட்டவில்லை, உள்ளே திறந்து திருத்தவும் வழியில்லை. விழுப்புரத்துக் கடைக்காரரோ திரும்பவும் பன்னிரண்டு உரிமம் வாங்கச் சொல்கிறாராம். அன்றே போனேன். இலவச டிரைவரை ஏற்றினேன், பேசியது. பேசிய வாயை நானே மறுபடி மூடினேன். தாளாளருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை. “அவரையும் வரச் சொல்லுங்க ஐயா, வெச்சிக்கினே பேசி முடிச்சிடலாம்” என்றேன்.

சார் வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். “சார், ஒங்க டிரைவரையே எப்பிடியோ ஏத்திட்டேன். ஆனா சத்தம் மட்டும் வர மாட்டேங்குது, நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. தாளாளர் பக்கத்தில், இரண்டு ஆசிரியர்கள் பின்னால். “நவுரும்மா” என்று உட்கார்ந்தார். பிள்ளைகள் அடித்து அடித்து அந்த விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. அவருக்கு எழுத்து எதற்கு? ஒலியளவுத் திரையைத் திறந்தார், தாளாளரைப் பார்த்துச் சிரித்தபடியே விரல் எம் மீது போய் இறங்கியது. ‘குட் மார்னிங், மே ஐ கம் இன்’ என்று கூடம் அதிரக் கேட்டது. “பாத்தீங்களா, காசு குடுத்து வாங்குன சரக்கு” என்றார். “இது ஓசி சரக்கு சார்” என்றேன் நான். “அன்னிக்கி இந்தப் பட்டன அமுக்கத்தான என்ன ஹெட்போன் எடுக்க அனுப்புனீங்க?” தவளை தன் வாயால் கெடும். சார் விரலால் கெட்டார்.

தாளாளர் என்னை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒன்றும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை தருகிறேன் என்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், இன்சார்ஜ் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் சார் என்னை நிறுத்தி, “ஒரு பட்டனுக்கா இத்தினி வருசம் கறுவிக்கினு இருந்த?” என்றார். “ஒரே ஒரு பட்டன்தான் சார். அன்னிக்கி நீங்க அத அமுக்காம இருந்திருக்கலாமே” என்றேன். அதோடு நான் விடவில்லை. அவர் சரக்கு விற்ற பள்ளி, கடை, பாட்டுப் பதிவுக்கூடம் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். இலவசமாகவே ஏற்றிக் கொடுத்தேன், எந்தப் பொத்தான் என்பதையும் காட்டிக் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் ஜங்ஷன் பக்கத்துக் கடையில் கணினிப் பலகை போய் செல்போன் ரீசார்ஜ் பலகை தொங்கியது. அன்று வீட்டில் கேசரி கிண்டினேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார், ரவை வண்டு பிடிக்கப்போகிறது என்றேன்.

இப்போதெல்லாம் கணினியைத் திறந்தாலே பேசுகிறது. டிரைவர் என்று ஒன்று இருப்பதே என் மகளுக்குத் தெரியாது, அதை யாராவது காசு கொடுத்து வாங்கினார்கள் என்றால் சிரிக்கிறாள். நேற்று சாருடைய மகன் மறுபடி கூப்பிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. “எனக்கு எழுத வரல தம்பி” என்று வைத்துவிட்டேன். பிறகு ஒரு கவரை எடுத்து அந்தப் பொத்தானை உள்ளே போட்டு, கடை முகவரி வரை எழுதினேன். ஒட்டுவதற்கு முன்னால் வெளியே எடுத்துத் திரும்பவும் தையல் பெட்டியில் போட்டேன். அவர் எடுத்துக்கொண்டதை எனக்கு அவர் திருப்பித் தரவில்லை. நானும் தருவதாக இல்லை.